காயாத இமை

"வலது பக்கமா, இடது பக்கமா?"

"வலது. இல்ல... நீ நிக்கிற பக்கம்."

"நான் நகர்ந்தா வலியும் நகருமா?"

"வலி நகராது. உன் வாய்தான் ஒரு இடத்துல நிக்காது. டார்ச்சை எடு முதல்ல, கூசுது."

வாலு டார்ச்சை எடுக்கவில்லை. ஒரு கையால் தன் அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் வெளிச்சம் அடித்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, இங்க வாங்க. பல் கிளினிக்ல வேலை பாக்கற ஆள் வீட்டுலயே இருக்கீங்க. நான் டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கறேன். நல்லாருக்கா இது?"

"நான் பல்லைப் பிடுங்கற ஆள் இல்ல வாலு. பிடுங்கறவருக்குக் குறடு எடுத்துக் குடுக்கற ஆள்."

"அந்தக் குறடாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்."

அத்தை வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆனால் இன்று ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது.

"எனக்கு டாக்டரும் வேணாம், குறடும் வேணாம். அந்தக் கிராம்பு எண்ணெய் தீர்ந்துபோச்சு. சாயங்காலம் வரும்போது இன்னொரு பாட்டில் கொண்டு வந்துடும்மா, போதும்."

"போதும் போதும்னு எத்தனை பாட்டில்? தடவுறியா, குடிக்கறியா?" என்றாள் வாலு.

வாலு என் நாத்தனார். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர், உரிக்க முடியவில்லை. இப்போது ஒரு ஃப்ரேம் கடையில் மரம் அறுத்துச் சட்டம் கட்டுகிறாள். அத்தை அவளுடைய அம்மா, என் மாமியார், ஓவியர். நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருக்கிறோம். நான்காவது ஆள் சன்னலோரத்தில் படமாக நின்றுகொண்டிருக்கிறார்.

நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் சரக்குக் கப்பலில் மெக்கானிக். ஒரு விடியற்காலையில் அவருடைய கட்டில் காலியாக இருந்தது. கப்பல் முழுக்கத் தேடினார்கள். கடலில் விளக்கடித்தும் தேடினார்கள். கடைசியில் அவர் பெட்டி மட்டும் வீடு வந்தது. அதற்குப் பிறகு அத்தை அவரை வரைய ஆரம்பித்தார். நானும் எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்துவிட்டேன்.

இப்போது வேறொருவர் என்னைக் கேட்கிறார். எங்கள் கிளினிக்குக்குப் பல்செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். அதிகம் பேசமாட்டார், பிளாஸ்டர் மாவு படிந்த கையோடு வந்து, டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்பார். வேறு ஊரில் சொந்தமாக லேப் போடுகிறார். கல்யாணம் செய்துகொண்டு கூடவே வரச் சொல்கிறார். அத்தையிடம் நானே சொன்னேன். அத்தை அழவில்லை, கத்தவும் இல்லை. "படம் முடியட்டும்மா. அவனை முழுசா ஒரு தடவை பாத்துட்டுப் போ" என்றார்.

நானும் தலையாட்டினேன்.

படம் முடியவில்லை. லேப் திறக்கிற நாள் வந்துவிட்டது. இன்று சாயங்காலம் பல்செட்காரர் போன் செய்வார். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ இன்று நான் சொல்லியாக வேண்டும்.

*

அத்தை படம் செய்கிற விதமே வேறு. மற்றவர்கள் வரைவதைப் பார்த்திருக்கிறேன். கன்னம் வேண்டுமென்றால் கன்னத்தின் நிறத்தைக் கலந்து கன்னத்தில் வைப்பார்கள். அத்தை அப்படி வைக்கமாட்டார். அத்தையின் கன்னம் அடியிலிருந்து மேலே வரும்.

முதலில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வெள்ளை பூசி, உப்புத்தாளால் தேய்ப்பார். மறுபடி வெள்ளை, மறுபடி தேய்ப்பு. முட்டை ஓட்டைத் தடவுகிற மாதிரி விரலுக்கு வரும்வரை. அவ்வளவு பாடுபட்டுச் செய்த வெள்ளையை உடனே கெடுப்பார். பழுப்பு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிடுவார்.

"வெள்ளையில ஆரம்பிச்சா எதை வெச்சாலும் இருட்டாத் தெரியும். கொஞ்சம் இருட்டுல ஆரம்பிக்கணும்" என்பார்.

அதன்மேல் கரிக்கோடு. கோடு போட்டு முடித்ததும் ஊதிவிடுவார். கரி பறந்துபோய், கோடு இருந்த இடம் மட்டும் தெரியும்.

அடுத்தது சாம்பல் அடுக்கு. ஆள் முழுவதும் சாம்பலில் வருவார். மூக்கு, கழுத்துக் குழி, சட்டையின் மடிப்பு, வெளிச்சம், நிழல் எல்லாமே சாம்பல். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். "பயப்படாதே. இந்த அடுக்குல எல்லாருமே செத்த மாதிரிதான் இருப்பாங்க. இனிமேதான் ரத்தம்" என்றார்.

அந்தச் சாம்பல் முகத்துக்கு எப்போதும் கண் மூடியே இருக்கும். இது அத்தையின் பழக்கம். கடைக்காரர், பள்ளித் தலைமையாசிரியை, புதுமணத் தம்பதி, யார் வந்து உட்கார்ந்தாலும் அடியில் இமையை மூடித்தான் வைப்பார். கண்ணைத் திறந்து வைத்தால் அது பார்த்துக்கொண்டே இருக்குமாம், கை ஓடாதாம்.

பிறகு ரத்தம். அதைப் பூச்சு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆளிவிதை எண்ணெயில் நிறத்தைக் கரைத்து, மூச்சு பட்டால் கலையும் அளவுக்கு மெல்லியதாக ஒரு படலம். கன்னத்தில் சிவப்பு. அது காயவேண்டும். அதன்மேல் மஞ்சள். அதுவும் காயவேண்டும். காதோரம் கொஞ்சம் பச்சை, யாருக்கும் தெரியாமல். ஒவ்வொரு படலமும் ஒரு கலர் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் எல்லாக் கண்ணாடிக்குள்ளும் நுழைந்து, அடியில் இருக்கும் வெளுப்பில் பட்டுத் திரும்பி வரும். அதனால்தான் அத்தை வரைந்தவர்கள் உள்ளே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் போல இருப்பார்கள்.

காய்ந்ததா என்று ஓரத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பார். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் பூசினால் பிற்பாடு வெடித்துவிடும். எல்லாம் காய்ந்த பிறகு, கடைசி நாள், இமையின்மேல் கண்ணை வரைந்து திறப்பார். அன்று வீட்டில் யாரும் பேசக்கூடாது.

என் கணவரின் படத்தில் எல்லா அடுக்கும் முடிந்துவிட்டது. நெற்றி காய்ந்துவிட்டது, உதடு காய்ந்துவிட்டது. கப்பலுக்குப் போட்டுப் போன நீலச் சட்டையின் காலரில் நைந்த நூல்கூடக் காய்ந்துவிட்டது.

இமை மட்டும் காயவில்லை.

"காத்துல ஈரம்மா," என்றார் அத்தை. அப்புறம் "எண்ணெய் சரியில்ல" என்றார். அப்புறம் அறையைப் பூட்டிக்கொண்டார். வாலு செய்த கறுப்பு மரச் சட்டம் கடைச் சுவரில் காகிதம் சுற்றிக் காத்திருந்தது. "உங்கம்மா படம் வரையறாங்களா, பாலம் கட்றாங்களா?" என்று முதலாளி கேட்கிறாராம்.

இதெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடியவை. சொல்ல முடியாத ஒன்றும் இருந்தது.

வீட்டில் அவர் வாசனை வந்தது.

என் கணவர் சிகரெட்டை விட்டபோது கிராம்புக்கு மாறினார். எப்போதும் கன்னத்துக்குள் ஒன்று ஒதுங்கியிருக்கும். அவர் சட்டைப் பைகளைத் துவைக்குமுன் உதறினால் கிராம்பின் தலைகள் உதிரும். அதே வாசனை. முதலில் என் உடையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். கிளினிக்கில் கிராம்பு எண்ணெய் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வந்ததும் குளித்தேன், உடையைக் கொடியில் வெளியே போட்டேன். அப்போதும் வந்தது. அத்தையின் பல்வலி மருந்து என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அத்தை கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பூட்டியிருந்த அந்த அறைக் கதவின் இடுக்கிலிருந்து வந்தது. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மெல்லுவதுபோல.

நான் பல்செட்காரரைப் பற்றி அத்தையிடம் சொன்ன பிறகுதான் அது ஆரம்பித்தது. அதுவரை இல்லை.

பேய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேய் என்றால் செத்திருக்க வேண்டுமே.

கதவருகில் போய் நின்று மூச்சை இழுப்பேன். பயமாக இருக்கும். ஆனாலும் மறுநாளும் போய் நிற்பேன்.

*

இன்று மத்தியானம் வாலு தன் அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தது ஒரு மோசடி. "சட்டத்தோட நிறம் சரியான்னு வந்து பாரு" என்று கிளப்பி, கடைக்குத் திரும்ப வேண்டிய தெருவில் திரும்பாமல் நேரே நடத்தி வந்துவிட்டாள். அத்தை எங்கள் வாசல் பலகையைப் படித்துவிட்டு, மகளைப் பார்த்துவிட்டு, "உன்னைப் பெத்ததுக்கு ஒரு மரத்தை நட்டிருந்தா அறுக்கவாவது ஆயிருக்கும்" என்றார். ஆனாலும் உள்ளே வந்தார்.

எங்கள் டாக்டர் தலை நரைத்தவர், நோயாளியின் வாய் திறந்திருக்கும்போதுதான் கேள்வி கேட்பார்.

"எந்தப் பல்லும்மா?"

அத்தை விரலால் காட்டினார். வலது பக்கம், கீழே, கடைசி.

டாக்டர் கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டார். விளக்கைக் கொஞ்சம் சாய்த்தார். மறுபடி பார்த்தார். நான் பக்கத்தில் பஞ்சோடு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இங்க பல்லே இல்லையே. நான்தானே எடுத்தேன்? இந்தப் பொண்ணு கல்யாணமாகி உங்க வீட்டுக்கு வந்த புதுசுல. வலியோட கல்யாணத்துல நின்னேன்னு சொன்னீங்களே."

அத்தை நாற்காலியில் படுத்தபடியே மேலே இருந்த விளக்கைப் பார்த்தார்.

"சில பேருக்கு எடுத்த இடம் வலிக்கும்," என்றார் டாக்டர், அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"அதான். அதேதான் டாக்டர்," என்று பிடித்துக்கொண்டார் அத்தை.

"சரி. ஆனா கிராம்பு எண்ணெய் காரம். இவ்வளவு நாளா தடவினா ஈறு வெந்து போயிருக்கணும். உங்க ஈறு குழந்தை ஈறு மாதிரி இருக்கு. எங்கதான் தடவுறீங்க?"

அத்தை வாயை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது.

வெளியே படிக்கட்டில் வாலு என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அத்தை உள்ளே பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, எனக்கு இப்பதான் ஞாபகம் வருது. அம்மா முன்னாடியெல்லாம் தட்டுல கலர் காயாம இருக்கறதுக்குக் கிராம்பு எண்ணெய் விடுவா. ரெண்டு சொட்டு. விட்டா நாள் கணக்கா ஈரமாவே கிடக்கும். அண்ணன் சின்னப் பையனா இருக்கும்போது அந்தத் தட்டை எடுத்து மோந்து மோந்து பாத்துக்கிட்டே இருப்பான். மூக்கெல்லாம் சிவப்புக் கலரா திரிவான். அம்மா அடிப்பா."

நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப அவர் கிராம்பு மென்னது..."

"அங்கேர்ந்துதான் வந்திருக்கும். பாத்தீங்களா, அம்மா என்ன வேலை பண்ணியிருக்கான்னு? காத்துல ஈரமாம்! படம் காஞ்சா நீங்க கிளம்பிடுவீங்க. அதுக்குக் காய விடாம வெச்சிருக்கா. உங்க கையாலயே எண்ணெய் வாங்கி."

வாலுவுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். என் கணவருக்கும் அப்படித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படியென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இல்லை. இத்தனை நாளும் ஒரு பாட்டில் இருந்திருக்கிறது.

இரண்டாவது முறையாகக் கப்பலிலிருந்து யாரோ வந்து சொன்னதுபோல இருந்தது.

*

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நானும் சீக்கிரமே கிளம்பினேன். மூவரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் வாலு தன் கடைக்குள் போய், காகிதம் சுற்றிய சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள், யாரோ கேட்டதுபோல. வீட்டு வராந்தாவில் அதைச் சுவரில் சாய்த்தாள்.

"நான் கடைக்குப் போறேன். இருந்தா கத்திடுவேன். அண்ணி, இன்னைக்குக் கேட்டுடுங்க. இல்லன்னா நீங்களும் அந்த இமை மாதிரியே இங்க ஈரமா உக்காந்திருக்கணும்."

அவள் போனதும் அத்தை பையிலிருந்து சாவியை எடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை, தானே அறையைத் திறந்தார். கதவு திறந்ததும் வாசனை வந்து முகத்தில் மோதியது. பாட்டில் என்று தெரிந்த பிறகும் என் மூச்சு தானாக உள்ளே போனது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

படம் சன்னலுக்குப் பக்கத்தில் நின்றது. நீலச் சட்டை, வெளிச்சத்தை உள்ளே வைத்திருக்கும் கன்னம். தூங்குகிறவர் மாதிரி இல்லை. யாரோ கூப்பிடட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பவர் மாதிரி. அவர் அப்படிச் செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுப்பும்வரை எழுந்தபடியே படுத்திருப்பார்.

"வலிக்கவே இல்லல்ல அத்தை?"

அத்தை தூரிகைகள் நின்ற குவளையை நகர்த்தி வைத்தார். அதை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

"போகக்கூடாதுன்னா போகாதேன்னு சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். நான் சண்டைக்குத் தயாராத்தான் இருந்தேன்."

"போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு?"

"அதனால பொய் சொன்னீங்க."

"பல்லு வலின்னது பொய்தான்." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "மத்தது பொய்யில்ல."

"மத்ததுன்னா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். சூரியன் சன்னலின் கீழ்விளிம்புக்கு வந்திருந்தது. வெளிச்சம் படத்தின்மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. கிளினிக்கில் பல்லில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் விளக்கை அப்படித்தான் சாய்ப்பார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் காட்டும். இந்த அறைக்குள் இந்த நேரத்தில் நான் வந்ததே இல்லை.

மூடிய இமைக்கு நடுவில் ஒரு மெல்லிய வரம்பு தெரிந்தது. வளைந்து போய், மறுபடி தன்னிடமே வந்து சேர்ந்தது. ஒரு வட்டம். அதற்குள் சின்னதாக இன்னொரு வட்டம். பக்கத்து இமையிலும் அதேபோல.

நான் குனிந்து கிட்டே பார்த்தேன்.

"அத்தை... இமைக்கு அடியில கண்ணு இருக்கு."

அத்தை தலை நிமிரவில்லை.

"சாம்பல் அடுக்குல நீங்க கண்ணை மூடித்தானே வைப்பீங்க. திறக்கறது கடைசியிலதானே? இது எப்படி அடியில வந்துச்சு?"

"திறந்தேன்," என்றார். "நீ வந்து அந்தப் பல்செட்காரரைப் பத்திச் சொன்னியே, அதுக்கு மறுநாளே உக்காந்து திறந்துட்டேன். உனக்குக் குடுத்த வாக்கு. அன்னைக்கு என் கை அவ்வளவு நல்லா ஓடுச்சு. காயட்டும்னு கதவைப் பூட்டி வெச்சேன். காஞ்சப்புறம் வந்து பாத்தேன்."

"அப்புறம்?"

"அவன் என்னைப் பாக்கல."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். அது முடியும்வரை அத்தை காத்திருந்தார்.

"நேராப் பாக்கற மாதிரி கண்ணை வரைஞ்சா நாம எங்க நின்னாலும் அது நம்மளைப் பாக்கும். நான் வரைஞ்ச கண்ணெல்லாம் பாத்திருக்கு. அப்படித்தான் இதையும் வரைஞ்சேன், எனக்கு வேற மாதிரி வரையத் தெரியாது. இந்தப் பக்கம் நின்னேன். அந்தப் பக்கம் நின்னேன். முக்காலி மேலகூட ஏறி நின்னேன். என்னைத் தாண்டிக் கதவைப் பாத்துச்சு. நீ அங்கதான வந்து நிப்பே? நீ கிளம்பிப் போறதை அவன் பாத்துக்கிட்டே இருப்பான்னு தோணிச்சு. என்னால அதைப் பாக்க முடியல. இமைக்கு நிறம் கலந்து மேல வெச்சு மூடிட்டேன்."

அவருடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. நகத்தோரத்தில் சதை நிறம் ஒட்டியிருந்தது, அவர் மகனின் இமை நிறம்.

"மூடின பிறகுதான் தெரிஞ்சுது என்ன பண்ணியிருக்கேன்னு. அவன் செத்துட்டான்னு யாரும் என்கிட்ட வந்து சொல்லல. கப்பல்காரங்ககூட 'காணோம்'னுதான் சொன்னாங்க. பெத்தவ நான் உக்காந்து கண்ணை மூடியிருக்கேன். அது காஞ்சுட்டா மூடினது மூடினதுதான். ஈரமா இருக்கற வரைக்கும் ஒரு துணி போதும், துடைச்சுடலாம். அடியில இருக்கறது காஞ்ச கண்ணு, அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதான் எண்ணெய். காயற மாதிரி தெரிஞ்சா வழிச்சுட்டுப் புதுசா வைப்பேன்."

நான் சுற்றிலும் பார்த்தேன். ஆனால் உட்கார அந்த அறையில் வேறு இடமில்லை.

"அப்ப என்னைப் பிடிச்சு வைக்கறதுக்காக இல்லையா?"

அத்தை இப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"அதுவும்தான்," என்றார். "பொய் சொல்லமாட்டேன், இன்னைக்கு ஒரு பொய் பிடிபட்டது போதும். நீ கதவுகிட்ட வந்து நின்னு மூச்சு இழுப்பே. உள்ள இருந்து இடுக்கு வழியாப் பாத்திருக்கேன். ரெண்டு சொட்டு போதுங்கற இடத்துல அதுக்கப்புறம் நிறைய விட்டேன். உனக்காகவும் விட்டேன், எனக்காகவும் விட்டேன். வாசனை வந்தா வீட்டுல அவன் இருக்கற மாதிரி ரெண்டு பேருக்கும் இருந்துச்சு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல, அவ்வளவுதான்."

கைப்பைக்குள் என் போன் அதிர ஆரம்பித்தது. பல்செட்காரர் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி செய்கிறவர். நான் பையைத் திறக்கவில்லை. அது மரத்தரையில் வைத்த பையோடு சேர்ந்து முனகியது, நின்றது.

அத்தை எழுந்தார். அலமாரியிலிருந்து பழைய பருத்தித் துணியை எடுத்து நான்காக மடித்தார். கலரைக் கரைக்கும் டர்பன்டைன் குப்பியைச் சாய்த்து நனைத்து, சொட்டாமல் பிழிந்தார். எல்லாவற்றையும் மெதுவாக, எப்போதும் வேலை செய்கிற மாதிரியே செய்தார். கிராம்பு வாசனையை அந்த மருந்து நெடி ஒரு நிமிஷம் அடித்துத் தள்ளியது. எனக்கு அந்த ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

துணியை என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ச்சியாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

"நீ துடை. மேலேர்ந்து கீழ ஒரே இழுப்பு. அழுத்தாதே."

"நீங்க?"

"என்னால முடியாது. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னலில் வெள்ளை பெயின்ட் ஒரு துளி காய்ந்திருந்தது. அது எப்போதோ காய்ந்துவிட்டது. நான் படத்துக்கும் கதவுக்கும் நடுவில் நின்றிருந்தேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். என் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. வராந்தாவில் வாலு சாய்த்து வைத்த சட்டம் தெரிந்தது, காகிதம் கிழிந்த மூலையில் கறுப்பு மரம்.

போன் மறுபடியும் அதிர்ந்தது.

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த இரண்டு வட்டங்களும் இமைக்கு அடியில் மெல்ல நகர்வதுபோல இருந்தது. சூரியன் இறங்குகிறது, நிழல் நகர்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"துடைச்சிட்டியா?" சுவரைப் பார்த்தபடியே அத்தை கேட்டார்.

"இல்ல அத்தை."

"துடைச்சதும் ஒண்ணே ஒண்ணு பண்ணு. அழாதே, என்னைக் கூப்பிடாதே. அவன் எங்க பாக்கறான்னு மட்டும் சொல்லிடும்மா. கதவைன்னா கதவைன்னே சொல்லு."